வெறும் சைக்கிள்

ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாள் முழுக்க அடுத்தவர் எலும்புகளைப் படம் பிடிப்பது அவள் வேலை. கனத்த ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்று நின்று, நாற்பதைத் தொடுவதற்குள் இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. அவளுடைய முதுகுப் படத்தைப் பார்த்த டாக்டர், "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீச்சல் கத்துக்கோங்க" என்றார். கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியவளுக்கு, போகப் போக அது பிடித்துப்போனது. வலி போன பிறகும் அவள் நீச்சல் குளத்தை விடவில்லை.

அந்தக் குளத்துக்கு ஒருநாள் அவளுடைய நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். கணவருடைய ஒரே தங்கை, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கே வந்து, இவர்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே மேல்மாடியில் வீடு பிடித்திருந்தாள். முதலில் நீந்தி, அந்த ஈரத்தோடு சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடி முடிக்கிற டிரையத்லான் போட்டி என்றால் அவளுக்கு உயிர். சம்பளத்தில் பாதி சைக்கிளுக்குப் போகிறது என்று அண்ணன் புலம்புவார். மீதியும் போகிறது என்பதுதான் நிஜம்.

அண்ணி நிறுத்தாமல் போய்ப் போய் வருவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்த சின்னவள், அவள் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள் போனிலேயே காரியத்தை முடித்துவிட்டாள்.

"அண்ணி, உங்க பேரைக் கொடுத்துட்டேன். ஏரிக்கரையில நடக்குது. ஆரம்பக்காரங்களுக்குன்னு சின்னதா ஒரு பிரிவு இருக்கு."

"எதுக்குப் பேர் கொடுத்த?"

"டிரையத்லானுக்கு. மூணுல ஒண்ணு உங்களுக்கு ஏற்கெனவே வருது. ஓடறது எல்லாருக்கும் வரும். பாக்கி சைக்கிள் ஒண்ணுதான். அது வெறும் சாமான் விஷயம், நான் பாத்துக்கறேன்."

எக்ஸ்ரேக்கா கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அன்றைக்குக் குளத்திலிருந்து வெளியே வந்தபோது வெயில் முகத்தில் பட்டது இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் போய் அடைய வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அவள் குடும்பத்தில் 'பாக்கலாம்' என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தன்னுடைய பழைய ரேஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள். கூடவே ஓர் அட்டைப்பெட்டி. அதிலிருந்ததை ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தாள். பின்பக்கம் வால் நீண்ட, நீர்த்துளி மாதிரியான ஒரு ஹெல்மெட். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ. குனிந்து முழங்கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுவதற்கு இரண்டு கம்பிகள். காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு கருவி. நீந்தவும் ஓட்டவும் ஓடவும் ஒரே உடுப்பு, இரண்டாவது தோல் மாதிரி ஒட்டிக்கொள்வது.

"இதைப் போட்டுக்கிட்டு நான் தெருவுல போகணுமா?" என்று எக்ஸ்ரேக்கா அந்த உடுப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"காத்து வழுக்கிட்டுப் போகும் அண்ணி."

"மானமும் சேர்ந்துல்ல வழுக்கிட்டுப் போகும்."

அவள் கணவர் அதுவரை சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். எதைப் பார்த்தாலும், இது அறுந்தால் என்ன ஆகும், இது நிற்காவிட்டால் என்ன ஆகும் என்றுதான் அவருக்குப் புத்தி போகும். மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவரும் ஒரு பை நிறையச் சாமான் வாங்கி வந்தார். மணி, பக்கக் கண்ணாடி, முன்விளக்கு, பின்விளக்கு, மட்கார்டு, ஸ்டாண்டு, ஒளிரும் சட்டை, யானையைக் கட்டிப்போடுகிற மாதிரி ஒரு சங்கிலிப் பூட்டு.

சின்னவள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அண்ணா, இந்தச் சைக்கிளோட எடையைக் குறைக்கறதுக்கு நான் எத்தனை வருஷம் பாடுபட்டேன் தெரியுமா? நீ ஒரே நாள்ல பால்காரர் வண்டி ஆக்கிட்டியே."

"வேகமாப் போறது உன் கவலை. முழுசா வீடு வந்து சேர்றது என் கவலை."

இரண்டு பேருக்கும் மனசு நோகக் கூடாது என்று எக்ஸ்ரேக்கா இரண்டு பேர் கொடுத்ததையும் மாட்டிக்கொண்டாள். அதுதான் அவள் செய்த பிசகு.

அந்த வாரமே ஒரு காலையில் வேலைக்குச் சைக்கிளிலேயே போகலாம் என்று கிளம்பினாள். வால் ஹெல்மெட்டும் ஒளிரும் சட்டையும் பூட்டுக்கால் ஷூவுமாக அவள் தெருவில் இறங்கியபோது, பேப்பர் போடுகிறவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே சிக்னல் சிவப்பானது. பிரேக் பிடித்தாள், சைக்கிள் சமர்த்தாக நின்றது. காலை ஊன்றப் போனாள், கால் வரவில்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் ஷூ பெடலிலிருந்து விடுபடும் என்று சின்னவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து அது ஞாபகம் வந்து தொலையவில்லை. வெட்டிய மரம் சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், இடப்பக்கமாகச் சாய்ந்தாள். வாசல் காவலாளி, பஸ்ஸுக்கு நின்றவர்கள், காரில் உள்ளே நுழைந்துகொண்டிருந்த தலைமை டாக்டர் எல்லாரும் முழுக் காட்சியையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

விழுந்த பிறகும் கால் பெடலில்தான் இருந்தது. காவலாளி ஓடி வந்து அவளையும் சைக்கிளையும் ஒன்றாகச் சேர்த்துத் தூக்கி நிறுத்தினார்.

முழங்கை வீங்கியிருந்தது. பக்கத்து அறையில் ஸ்கேன் எடுப்பவர், இருபது வருஷமாக அவளோடு வேலை பார்ப்பவர், அவளை அவளுடைய எக்ஸ்ரே மேசையிலேயே உட்கார வைத்துப் படம் எடுத்தார். "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்றார், அவள் குரலிலேயே.

"முழங்கைக்கு எதுக்கு மூச்சைப் பிடிக்கணும்?"

"சும்மா. உங்ககிட்ட ஒருநாள் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை."

எலும்பில் கீறல்கூட இல்லை. ஆனால் சாயங்காலம் வீட்டில்தான் விரிசல் விழுந்தது. முழங்கைக் கட்டைப் பார்த்ததும் கணவர், "இதோட விட்டுடு. நமக்கு என்னத்துக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். அப்புறம் படியேறிப் போய்த் தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டினார். மேலே குரல்கள் உயர்வது கீழே கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமே இறங்கி வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

சின்னவள் எப்போதும் மனிதர்களிடமும் நாய்க்குட்டியிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்; வா வா, நல்ல பிள்ளை, அவ்வளவுதான் முடிஞ்சது என்று. அன்றைக்கு அந்தக் கொஞ்சலெல்லாம் இல்லை. "தப்பு என் மேலதான் அண்ணி. நான் ஆரம்பிக்கறப்போ எனக்கு இதெல்லாம் கிடையாது. இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு நினைச்சு உங்க தலையில கட்டிட்டேன்."

"என் தலையில மட்டுமா கட்டின? காலையும் சேர்த்துல்ல கட்டின" என்றாள் எக்ஸ்ரேக்கா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. நான் விடப் போறதில்ல. விழுந்த அந்த இடத்தைக் கழிச்சுட்டுப் பாத்தா, காலையில அந்த ரோடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அந்த வெளிச்சத்துல கொஞ்சத்தையாவது கண்ணுல வாங்கிட்டுத்தான் அந்த இருட்டு அறைக்குள்ள போறேன். ஆனா இந்தச் சாமானெல்லாம் வேணாம். எல்லாத்தையும் கழட்டுங்க. வெறும் சைக்கிள், சாதாரண பெடல், சாதாரண ஷூ. எது இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்கோ, அதை மட்டும் ஒண்ணொண்ணா நானே கேட்டு வாங்கிக்கறேன்."

"ஹெல்மெட்?" என்றார்கள் அண்ணனும் தங்கையும் ஒரே குரலில்.

"அது தலையிலதான் இருக்கும். ஆனா வால் வேணாம். சாதாரணமானது போதும்."

அன்றே லிஃப்ட்காரர் தன்னுடைய ஸ்பேனர்களை எடுத்து உட்கார்ந்தார். தான் மாட்டியதை மட்டுமல்லாமல் தங்கை மாட்டியதையும் கழற்றினார். சின்னவள் பக்கத்தில் குந்தியிருந்து திருகாணிகளைச் சின்னக் கிண்ணத்தில் வாங்கி வைத்தாள். பிரேக் கட்டை தேய்ந்திருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். "இத்தனை சாமான் வாங்கினியே, இதைப் பாத்தியா?" என்று கேட்டார். தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதிய பிரேக் கட்டை மாட்டினார்கள். அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

வெறும் சைக்கிளில் போன முதல் நாளிலேயே தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனவே தண்ணீர் பாட்டிலும் அதைச் செருகி வைக்க ஒரு கூடும் வந்தன. அடுத்து, காற்று. சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்து 'இருக்கு' என்று கிளம்பியவள், பாதி வழியில் மணல் மூட்டையை இழுக்கிற மாதிரி மூச்சு வாங்கினாள். வீட்டிலேயே ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்கி வைத்து அளவு பார்த்து அடித்தபோது, இதே சைக்கிளா என்று இருந்தது. அந்த வேகத்தை வேறு எந்தச் சாமானும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியே பின்சக்கரம் உஸ்ஸென்று இறங்கிவிட்டது. உச்சி வெயிலில் அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்தாள். அன்று மாலையே சின்னவள் ஒரு மாற்று டியூபையும், டயரை நெம்புகிற இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளையும், கைக்கு அடக்கமான ஒரு பம்பையும், இருக்கைக்கு அடியில் தொங்கும் ஒரு குட்டிப் பையையும் கொண்டு வந்தாள். சமையலறைத் தரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணியை டியூப் மாற்ற வைத்தாள். முதல் தடவை அடுப்பில் வைத்திருந்தது தீய்ந்து போகிற அளவுக்கு நேரமானது. அப்புறம் கை பழகிவிட்டது.

கணவர் ஒரு விஷயத்தில் மட்டும் விடாக்கண்டனாக இருந்தார். "விடியறதுக்கு முன்னாடி கிளம்பற. பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு நீ தெரியணும்." பின்விளக்கு திரும்ப ஏறியது. அதில் அவளுக்கும் மறுப்பு இல்லை.

இத்தனை செய்தும் ஒரு கஷ்டம் மட்டும் தீரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கழுத்து பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை மரத்துப்போகும். முட்டிக்குப் பின்னால் சுளீரென்று இழுக்கும். சின்னவள் கையுறை வாங்கலாம் என்றாள், மெத்தென்ற இருக்கை வாங்கலாம் என்றாள். எதுவும் வேண்டாம் என்று ஒரு நாள் கணவரைக் கூப்பிட்டு, "என்னங்க, நான் இதுல ஏறி உக்காந்து சுவரைப் பிடிச்சுக்கறேன். பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுங்க. என் இடுப்பு உயரத்துக்குப் போனைப் பிடிங்க, மேல இருந்து எடுக்காதீங்க" என்றாள்.

படத்தை அவள் தொழில் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தன் படம் என்பதையே மறந்துவிட்டாள். "இந்த அம்மாவை யாரு இப்படி உக்கார வச்சது? முட்டி பாருங்க, கடைசி வரைக்கும் நீண்டு நிக்குது. முழங்கையும் அப்படியே. தோளு காதுக்கிட்ட ஏறிடுச்சு. இப்படி நான் ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போனா, மறுபடி எடுத்துட்டு வான்னு டாக்டர் திருப்பி அனுப்பிடுவார்."

விஷயம் எளிது. சின்னவள் அவளைவிட ஒரு தலை உயரம். சைக்கிள் சின்னவளுடைய காலுக்கும் கைக்கும் அளந்து வைத்தது. அதைக் கண்டுபிடிக்க இத்தனை வாரம் ஆகியிருந்தது. மூன்று பேருமே சாமானைப் பார்த்தார்களே தவிர, மேலே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இறக்கியதும் ஒரு படம் எடுத்து, அதைப் பார்த்து மறுபடி இறக்கினார்கள். கைப்பிடி எட்டவில்லை. சைக்கிள் கடைக்குக் கொண்டு போனபோது கடைக்காரர் மேசை இழுப்பறையைத் துழாவி, யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன, கைப்பிடியைத் தாங்கும் ஒரு குட்டையான தண்டை எடுத்து, கைப்பிடியை அவள் பக்கமாக நெருக்கிப் பொருத்திக் கொடுத்தார். அடுத்த நாள் வழக்கமான ரோட்டில் வழக்கமாகக் கழுத்து பிடித்துக்கொள்ளும் பாலம் வந்தது, போனது. அதைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான், வலிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

பாக்கி இருந்தது அந்த ஒட்டுகிற உடுப்பு. அதை மட்டும் போடவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். குளத்தில் நீந்தி முடித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈர உடம்பில் அரைக்கால் சட்டையை ஏற்றிப் பழகினாள். அது தொடைக்கு மேல் ஏற மறுத்தது. ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் குளியலறைச் சுவர் முழுக்க முட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் அவளாகவே மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். "அந்த வழுக்கற உடுப்பு இன்னும் இருக்கா?"

சின்னவள் வெற்றிக் களிப்பை மறைக்கப் படாத பாடு பட்டாள். "இருக்கு அண்ணி. உக்கார்ற இடத்துல பஞ்சும் வச்சிருக்கு."

"மேல ஒரு தொளதொள பனியன் போட்டுக்குவேன்."

"பத்துக்கூட போட்டுக்கோங்க."

போட்டி நாள் வந்தது. ஏரிக்கரையில் கம்பி கட்டி, வரிசையாகச் சைக்கிள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற சைக்கிள்கள் வானத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தன. பக்கத்துச் சைக்கிள்காரி ஒருத்தி, இவளுடைய சாதாரண பெடலையும் ஷூவையும் பார்த்து, "இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "எனக்கும்தான். எனக்கு இந்த ஷூவை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள்.

"குதிகாலை வெளிய திருப்பணும். அது மட்டும் மறந்துடாதீங்க" என்றாள் எக்ஸ்ரேக்கா. அந்த ஒரு விஷயத்தில் தன்னைவிட அனுபவசாலி அங்கே யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தண்ணீரில் அவளுக்குப் பயமே இல்லை. யாரோ ஒருவர் கால் முகத்தில் பட்டது, யாரோ முதுகின் மேலேயே ஏறிப் போனார்கள். மூச்சை அதன் போக்கில் விட்டு, தன் பாட்டுக்கு நீந்திக் கரையேறியபோது முன்வரிசையில் இருந்தாள். தொளதொள பனியனைத் தலை வழியாக மாட்டி, ஹெல்மெட்டைப் பூட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். விர்ரென்று ஒரு சத்தம் பின்னால் வரும், பக்கத்தில் வரும், முன்னால் போய்விடும். முதலில் எண்ணினாள், பிறகு விட்டுவிட்டாள். எதிர்க்காற்று மார்பில் மோதியது, குனிந்துகொண்டாள். பாட்டிலை எடுத்துக் குடித்தாள். ஏரித் தண்ணீரில் வெயில் தகதகவென்று கிடந்தது. கழுத்து, கை, முட்டி எதுவும் அவளிடம் புகார் சொல்லவில்லை. இந்த நேரத்தில் தன்னுடைய அறையில் விளக்குக்கு அடியில் யாருடைய தோளையோ திருப்பி நிறுத்திக்கொண்டிருப்போம் என்று நினைத்தாள். அவசரமே இல்லாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள்.

ஓட்டத்தில்தான் சோதனை. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். சின்னவள் முன்னதாகவே தொடங்கிய தன் பிரிவுப் போட்டியை எப்போதோ முடித்துவிட்டு, கழுத்தில் ஒரு பதக்கத்தோடு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். "வா வா வா, நல்ல பிள்ளை, அவ்வளவுதான், முடிஞ்சது முடிஞ்சது" என்று கயிற்றை ஒட்டிக் கூடவே ஓடி வந்தாள். எல்லைக்கோட்டில் கணவர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அந்தப் படத்தில் பாதி அவருடைய விரல். மீதியில் வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி கோட்டைத் தாண்டுகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வர வேண்டியிருந்தது.

"உனக்கு எத்தனாவது இடம்?" என்று மூச்சு திரும்பியதும் நாத்தனாரைக் கேட்டாள்.

"மூணாவது. நாலாவது வந்தவளுக்கும் எனக்கும் ஒரு கைதட்டற நேரம்தான் வித்தியாசம். அது நான் புதுசா வாங்கின ரேஸ் சக்கரம் வாங்கிக் கொடுத்தது அண்ணி, சத்தியமா."

"உனக்குக் கொடுக்கும். உனக்கு அது தேவைதான்" என்றாள் எக்ஸ்ரேக்கா, மனசாரவே.

திரும்பும்போது ஒரு சிக்கல் வந்தது. சின்னவளின் சாமான்களையெல்லாம் காலையில் அவளுடைய சிநேகிதி வேனில் ஏற்றி வந்திருந்தாள். அந்தச் சிநேகிதிக்கு அவசர வேலை வந்து, சாமான்களை இறக்கி வைத்துவிட்டு முன்னதாகவே போய்விட்டாள். இப்போது எல்லாம் லிஃப்ட்காரரின் சின்னக் காருக்குள் அடங்கியாக வேண்டும். சின்னவளின் சைக்கிள், கழற்றிய சக்கரங்கள், வால் ஹெல்மெட்டுக்கான பெட்டி, பை மேல் பை. அவர் லிஃப்டின் எடை அளவைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டே அடுக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடி அடுக்கினார். கடைசியில் பின்சீட்டில் சக்கரங்கள் உட்கார்ந்துகொண்டன. அண்ணிக்கு இடமில்லை, அவள் சைக்கிளுக்கும் இடமில்லை.

"நான் பஸ்ல வர்றேன் அண்ணி, நீங்க ஏறிக்கோங்க" என்றாள் சின்னவள்.

"வேணாம். நான் ஓட்டிக்கிட்டே வர்றேன். மெதுவா வந்தாலும் கேக்க ஆள் இல்ல பாரு இப்போ."

"காலு கேக்குமே" என்றார் கணவர்.

"கேட்டா நிறுத்திக்கறேன்."

பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவள் கையை ஆட்டி முன்னால் போகச் சொன்னாள். மரங்கள் இரண்டு பக்கமும் நிழல் விரித்திருந்த ரோடு. எதிரே ஒரு தம்பதி நடைப்பயிற்சியில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வணக்கம் வைத்தாள், எதற்கு என்று தெரியாமலே.

பாதி வழியில் ஒரு பழரசக் கடை வந்தது. கால்கள் இப்போது உண்மையாகவே கேட்டுவிட்டன. கடை வாசலில் அந்தச் சின்னக் கார் நின்றது. அண்ணனும் தங்கையும் வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.

"என்ன சண்டை?" என்றபடி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள்.

"நீ இங்க நிறுத்துவியா, நேரா வீட்டுக்குப் போயிடுவியான்னு" என்றார் கணவர்.

"யாரு ஜெயிச்சா?"

"ரெண்டு பேருமே நீங்க நிறுத்துவீங்கன்னுதான் சொன்னோம்" என்றாள் சின்னவள். "அப்புறம் எதுக்குச் சண்டை போட்டோம்னு எங்களுக்கே தெரியல."

எக்ஸ்ரேக்கா நடுவில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, பெரிய டம்ளரில் ஒன்று கொண்டு வரச் சொன்னாள்.